ஒரு பக்கத்துக்கு மிகாமல்: சேலம் பயிற்சி நாளில் நான் கற்றது

பரமத்தி வேலூர்

அன்பும் மரியாதையும் நிறைந்த தனப்பிரியா அக்காவுக்கு,

உங்கள் சித்தப்பா மகள் இலக்கியா வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும், உங்கள் மாப்பிள்ளையும், ஒன்பது மாதத்து இனியாவும், என் மாமியாரும், அவருடைய வெற்றிலைக் கொடிக்காலும் நலம். அங்கே அயர்லாந்தில் நீங்களும், உங்கள் மருத்துவமனை வார்டும், எப்போது போன் செய்தாலும் பெய்துகொண்டிருக்கும் உங்கள் மழையும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நலம் என்று எழுதிய கையோடு இனியா ஒரு தும்மல் போட்டாள். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நலம்தான்.

பதில் இவ்வளவு தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். நீங்கள் கேட்டது ஒரே ஒரு பக்கம். சேலத்தில் நடந்த செவிலியர் தொடர்கல்விப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, என்ன நடந்தது, அப்போது என்ன தோன்றியது, அடுத்த முறை எதை வேறு மாதிரி செய்வாய் என்ற மூன்று கேள்விக்கும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்பச் சொன்னீர்கள். "இங்க எதக் கத்துக்கிட்டாலும் இப்பிடி எழுதி வெக்கோணும் புள்ள, எழுதுனாத்தான் கத்துக்கிட்டதாச் சேத்துக்குவாங்க" என்று குரல் பதிவு அனுப்பினீர்கள். போனில் தட்டலாம் என்றால் இனியா போனைப் பிடுங்குகிறாள். பேசி அனுப்பலாம் என்றால் அவளும் கூடவே பேசுகிறாள், நீங்கள் அவளுக்குத்தான் பதில் சொல்கிறீர்கள். அதனால் காகிதத்துக்கு வந்தேன். முதலில் எழுதிய பக்கத்தை அவள் தின்றுவிட்டாள். தின்ற காகிதம் வெளியே வரும் வரை எனக்கு வேறு எதுவும் எழுத ஓடவில்லை. வந்துவிட்டது. இது மறுபடி எழுதுவது.

நான் போனது பயிற்சிக்காக மட்டும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், அனுப்பி வைத்ததே நீங்கள்தானே. நாமக்கல்லில் ஒரு பெரிய மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒரே ஓர் இடம் காலி. வேலூரில் பஸ் ஏறினால் நேராக வாசலில் இறங்கிக்கொள்ளலாம். ஆள் எடுப்பவர் அங்கே செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கும் ராஜம்மாள் மேடம். அவர் அந்தப் பயிற்சிக்கு வருகிறார் என்று இத்தனை கடல் தாண்டி இருந்துகொண்டு நீங்கள் கண்டுபிடித்தீர்கள். "விண்ணப்பம் போட்டா நூறோட நூத்தியொன்னாக் கெடக்கும். நேர்ல போயி மூஞ்சியக் காட்டு. நாலு வருசம் சேலத்துல பச்சக் கொழந்தைக வார்டுல இருந்தவ, மறுபடி வேலைக்கு வாரேன்னு ரெண்டே வார்த்த சொல்லு. இதுக்குப் பேருதான் நெட்வொர்க்கிங்கு" என்றீர்கள். அந்த இரண்டு வார்த்தையை நான் எங்கெல்லாம் சொல்லிப் பார்த்தேன் தெரியுமா? கொடிக்காலில் வெற்றிலைக் கொடிகளிடம் சொன்னேன். குளியலறைக் குழாயிடம் சொன்னேன். ஒருநாள் பால் ஊற்ற வந்தவரிடமே சொல்லிவிட்டேன். "நல்லதுங்கம்மா, போயிட்டு வாங்க" என்றார்.

எனக்கு அந்த வேலை வேண்டும் அக்கா. எவ்வளவு வேண்டும் என்று இங்கே யாரிடமும் சொல்ல முடிவதில்லை, சொன்னால் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஓடப் பார்க்கிறவள் மாதிரி ஆகிவிடுகிறது. இனியா வயிற்றில் ஏழாம் மாதம் இருக்கும்போது வார்டை விட்டு வந்தேன். அதற்குப் பிறகு என்னை யாரும் 'சிஸ்டர்' என்று கூப்பிடவில்லை. போன மாதம் மருந்துக் கடையில் ஒருவர் "சிஸ்டர்" என்று யாரையோ கூப்பிட, நான் "சொல்லுங்க" என்று திரும்பிவிட்டேன். பக்கத்து வீட்டில் புதிதாகத் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். துவைத்து முடித்ததும் அது பீப், பீப் என்று அடிக்கிறது. அடித்ததும் என் கை தானாக மேலே போய், சத்தத்தை நிறுத்தும் பொத்தானைத் தேடுகிறது. எந்தக் குழந்தைக்கு ஆக்சிஜன் இறங்குகிறது என்று கண் அலைகிறது. பார்த்தால் எதிரே மிளகாய்த் தூள் டப்பா இருக்கிறது. சேலத்து வார்டில் நாம் இருவரும் ஒரே சாப்பாட்டு டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டு, உங்கள் பக்கத்துக் குழந்தைக்கு எடை ஏறியதற்கு நானும், என் பக்கத்துக் குழந்தைக்கு ஏறியதற்கு நீங்களும் சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்தது எல்லாம் யாருக்கோ நடந்தது போல இருக்கிறது.

சரி, அவ்வளவு வேண்டும் என்றால் போகவேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். ஒரு வார்டு நிறையக் குறைமாதக் குழந்தைகளைக் கை நடுங்காமல் பார்த்துக்கொண்டவள், சொந்தக் குழந்தை தும்மினால் நடுங்குகிறேன். அவள் தூங்கும்போது கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணுகிறேன். "ஏம்புள்ள, அதென்ன கரண்டு மீட்டரா, எந்நேரமும் ஓடுதா ஓடுதான்னு பாத்துக்கிட்டு?" என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. என் மாமியாருக்கு இன்னும் வசதி. "ஊராமூட்டுப் புள்ளைகளையெல்லாம் பாத்தவளாமா! தம்புள்ள ஏப்பம் உட்டா இவுளுக்கு மயக்கம் வருது" என்று கொடிக்காலில் வேலை செய்யும் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

இனி முதல் கேள்வி, என்ன நடந்தது. பெயர் பதிவதிலேயே ஆரம்பித்தது. இணையப் படிவத்தில் 'பணிபுரியும் நிறுவனம்' என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது. பழைய மருத்துவமனையின் பெயரை அடித்தேன், பொய்யாகிவிடுமே என்று அழித்தேன். 'வீடு' என்று அடித்தேன், பார்க்கவே பாவமாக இருந்தது, அதையும் அழித்தேன். நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு உங்கள் மாப்பிள்ளை கலையரசன் எட்டிப் பார்த்தார். மழைக்காலம் முடிந்து, போர் போடும் ரிக் வண்டி ஒடிசாவுக்குக் கிளம்பும் வரை அவர் வீட்டில்தான் இருக்கிறார், அதனால் எல்லாவற்றையும் எட்டிப் பார்க்கிறார். "இதுக்கா இத்தன ரோசன? நம்ம கம்பெனி பேரப் போடு. நானில்லாதப்ப போர் போடச் சொல்லி வார போனையெல்லாம் நீதான எடுத்துப் பேசற? பாதி மேனேசரு நீதான்" என்றார். அப்போது அது நியாயமாகத் தோன்றியது. 'கலை போர்வெல்ஸ்' என்று போட்டேன். பச்சை டிக் விழுந்தது. இவ்வளவு சுலபமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

பயிற்சி அன்று கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் நாள், மாமியார் வர முடியாது. எனவே இனியாவை உங்கள் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வதாகவும் நான் உள்ளே உட்காருவதாகவும் ஏற்பாடு. பஸ்ஸில் கூட்டத்தில் யாராவது இருமுவார்கள் என்று நான் சொன்னதால் வண்டியில் போனோம். வண்டி என்றால் கார் என்று நினைத்துவிடாதீர்கள், ரிக்கோடு சாமான் ஏற்றிப் போகும் பிக்கப் வண்டி. கதவு இரண்டிலும் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிற படமும் 'கலை போர்வெல்ஸ்' என்ற எழுத்தும் இருக்கும். பின்னால் இரும்புக் குழாய்களும் துளை போடும் பிட்டுகளும் கிடக்க, நடுவில் இனியாவின் டயப்பர் பை. அயோத்தியாப்பட்டணம் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் பயிற்சி. வாசலில் காவலாளி வண்டியைப் பார்த்த உடனே முகம் மலர்ந்து, "போரு வண்டிங்களா? பொறத்தால உடுங்க. மேனேசரு காத்தாலயிருந்து உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கறாரு" என்றார். அந்த மண்டபத்தில் தண்ணீர் இல்லையாம், வேறு ஏதோ ஒரு கம்பெனிக்காரரை இடம் பார்க்க வரச் சொல்லியிருந்தார்களாம். "நாங்க பயிற்சிக்கு வந்தவங்கண்ணா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் மாப்பிள்ளை தலையை வெளியே நீட்டி, "எத்தன நாளாங்ணா தண்ணியில்ல?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு அந்த மனிதரைத் திரும்பக் கூட்டி வர முடியாது அக்கா, நான் கல்யாணம் ஆன நாளில் இருந்து பார்க்கிறேன்.

உள்ளே பெயர்ப் பட்டை கொடுக்கும் இடத்தில் ஒரு பெண் என் பெயரைத் தேடினாள். செவிலியர்களுக்கு எல்லாம் நீலப் பட்டை. எனக்கு மட்டும் பச்சை. அதில் 'கலை போர்வெல்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே போன் எண், அதற்கும் கீழே எறும்பு அளவுக்கு இலக்கியா. "மேடம், உங்க ஸ்டால் எங்க போடறீங்க? கையுறை கம்பெனி பக்கத்துல எடம் இருக்கு" என்றாள். பச்சை, விளம்பரதாரர்களுக்கு உரிய நிறமாம். நான் நர்ஸ் என்றேன். "அப்ப கம்பெனி?" என்றாள். என் வீட்டுக்காரருடையது என்றேன். "ஓ, நீங்கதான் ஓனருங்களா மேடம்" என்று எழுந்து நின்று வணக்கம் வைத்தாள். பின்னால் வரிசை நின்றது. பச்சைப் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

காலை வகுப்பு, குறைமாதக் குழந்தைக்கு உடல் சூடு குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பது. அக்கா, அதில் திரையில் ஓர் இன்குபேட்டர் படம் போட்டார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு நம் ஊர் பஸ் ஸ்டாண்டு படத்தைக் காட்டினால் எப்படி இருக்குமோ, எனக்கு அப்படி இருந்தது. பக்கவாட்டில் கை விடுகிற அந்த வட்டக் கதவு திறக்கும் சத்தம்கூடக் கேட்டது போலத் தோன்றியது. நான் படித்த பிறகு சில விஷயங்கள் மாறியிருக்கின்றன, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். இடையிடையே எழுந்து சன்னல் வழியாக இனியாவைப் பார்த்தேன். பக்கத்தில் ஆத்தூரில் இருந்து வந்திருந்த தேவிப்ரியா என்ற பெண், "என்னாங்க, அடிக்கடி போயி வெளிய பாக்கறீங்க, யாராச்சும் வராங்களா?" என்று கேட்டாள். குழந்தை என்றேன். "எனக்கும் இருக்கு. ரெண்டு. நான் நிம்மதியா உக்காந்திருக்கறது இன்னிக்கு ஒருநாள்தான்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, காலை நீட்டி, திரையைச் சினிமா மாதிரி பார்க்க ஆரம்பித்தாள். அவளைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

தேநீர் இடைவேளையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எல்லோரும் தமக்குத் தெரிந்தவர்களோடு நிற்காமல், முன்பின் தெரியாத ஐந்து பேரிடமாவது போய் அறிமுகம் செய்துகொள்ள வேண்டுமாம், தொழில் தொடர்புகள் அப்படித்தான் வளருமாம். நான் கோப்பையோடு ஒரு தூண் பக்கம் நின்று இரண்டு வார்த்தையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் யாரையும் தேடிப் போகவேண்டியிருக்கவில்லை அக்கா. அந்த மண்டபத்தில் அதிகம் பேர் தேடி வந்து பேசியது என்னிடம்தான். முதலில் ஓர் அம்மா, "ஏனுங்க, ஆட்டையாம்பட்டிப் பக்கமெல்லாம் வண்டி வருங்களா? அடிக்கு என்னங்க ரேட்டு?" அடுத்து வந்தவருக்குப் போட்ட போரில் புகைதான் வந்ததாம், தண்ணீர் வரவில்லையாம், அதற்கு நான்தான் காரணம் போல என்னை முறைத்தார். மூன்றாவது பெண்ணுக்குத் தம்பி இருக்கிறானாம், ரிக்கில் டிரைவர் வேலை கிடைக்குமா என்றாள். "நானே வேல தேடித்தானுங்க வந்திருக்கறேன்" என்றேன். நகைச்சுவை என்று நினைத்துத் தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

அப்போது கூட்டம் தானாக இரண்டாக விலகியது. ராஜம்மாள் மேடம் வந்தார். சங்கிலி கோத்த கண்ணாடி, கையில் தேநீர், நடையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. நேராக என்னிடம் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பட்டையைப் படித்தார்.

"போர்வெல்ஸா? பின்னாடி ஒருத்தர் குழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு, கையில தேங்காயோட நடந்துக்கிட்டு இருக்காரே, உங்க ஆளா?"

"ஆமாங்க மேடம்."

"அந்தக் குழந்தை?"

"அதும் எங்க ஆளுதானுங்க மேடம்."

"நல்லதாப் போச்சு. அயோத்தியாப்பட்டணத்துல எங்க வீட்டு போர் வத்திப்போச்சும்மா. லீவுக்கு வீட்டுக்கு வந்தா குளிக்கத் தண்ணி இல்ல. எத்தன அடி போகணும்னு சொல்லேன்."

அக்கா, இதுதான் அந்த நேரம். மூஞ்சியைக் காட்டியாகிவிட்டது. இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாலு வருசம் பச்சக் கொழந்தைக வார்டு, மறுபடி வேலைக்கு வாரேன். வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "பக்கத்துல யாராச்சும் போட்டிருக்கறாங்களா மேடம்? அவங்களுக்கு எத்தனாவது அடியில தண்ணி வந்துச்சுன்னு கேட்டுக்கோங்க. மேல மண்ணு சரியற எடமா இருந்தா கேசிங் பைப்ப மட்டும் கொஞ்சம் ஆழமா எறக்கீருங்க, அதுல மட்டும் கஞ்சத்தனம் பாக்காதீங்க மேடம்." ஒன்பது மாதமாக வீட்டுக்கு வருகிற போனையெல்லாம் எடுத்துப் பேசியதில் நாக்கு அந்தத் தடத்திலேயே ஓடிப் பழகிவிட்டது. "நல்ல விவரமாப் பேசறயே" என்று மேடம் மெச்சிக்கொண்டு போனார். நான்கு வருட வேலையில் எந்தக் கண்காணிப்பாளரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை. முதல் பாராட்டு கேசிங் பைப்புக்குக் கிடைத்தது.

கோப்பையை வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். தண்ணீர் இருக்கும் இடத்தில் உள்ளங்கைத் தேங்காய் எழுந்து நிற்கும் என்று நம் பக்கத்தில் நம்புகிறார்கள் அல்லவா, இவருக்கே அதில் பாதி நம்பிக்கைதான், ஆனால் தேங்காய் இல்லாமல் இடம் சொன்னால் யாரும் போர் போட ஒத்துக்கொள்வதில்லை. அதனால் ஒரு கையில் தேங்காய், ஒரு கையில் இனியா. நான் போய்ச் சேரும்போது இனியா எட்டி அந்தத் தேங்காயை ஒரு தட்டுத் தட்டினாள். தேங்காய் நிமிர்ந்தது. "நின்னுருச்சு, நின்னுருச்சு!" என்று மண்டப மேனேஜர் கத்தினார். "இல்லீங்ணா, அது புள்ள தட்டுனதுங்" என்றார் இவர். "கொழந்த கையிங்க! அதுக்கு மேல என்னங்க வேணும்? இந்த எடத்துலயே போடுங்க" என்று அவர் சுண்ணாம்பால் வட்டமே போட்டுவிட்டார். டீக் கோப்பையோடு சன்னலில் நின்ற நர்ஸம்மாக்கள் எல்லோரும் கை தட்டினார்கள். நம் குடும்பத்தில் அன்று தொழில் தொடர்பை வளர்த்தவர் இரண்டு பேர், அதில் ஒருத்திக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

பிற்பகல் செயல்முறைப் பயிற்சி. பிறந்த உடனே அழாத குழந்தைக்கு மூச்சு கொடுப்பது. மேடையில் மேசை, மேசையில் பொம்மைக் குழந்தை. யாராவது வந்து செய்து காட்டுங்கள் என்று பயிற்றுநர் கேட்டார். நமக்குத்தான் தெரியுமே, அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். நான் இனியாவைப் பார்ப்பதற்காகக் கடைசியில் கதவு ஓரம் நின்றுகொண்டிருந்தேன். "அங்க நிக்கறவங்க வாங்க" என்றார். உடனே பட்டையைப் பார்த்துவிட்டு, "ஓ, ஸ்பான்சருங்களா, பரவால்ல, நீங்க நில்லுங்க" என்றார். அந்த 'பரவால்ல'தான் அக்கா. அது என்னை என்னமோ செய்தது. நான் மேடைக்கு நடந்தேன். எல்லோரும் ஒரு போர்வெல்ஸ் கம்பெனிக்காரி எங்கே போகிறாள் என்று பார்த்தார்கள்.

துடைத்தேன், ஈரத்துணியை உருவிவிட்டு உலர்ந்த துணி மாற்றினேன், முதுகைத் தேய்த்தேன். தலையைச் சரியான கோணத்தில் வைத்தேன். மூச்சு இல்லை என்றார் பயிற்றுநர். முகமூடியைப் பொருத்திப் பையை அமுக்கினேன். பொம்மையின் நெஞ்சு ஏறவில்லை. முகமூடியை எடுத்து மறுபடி பொருத்தி, தாடையைச் சற்றுத் தூக்கினேன். ஏறியது. கை எதையும் மறக்கவில்லை அக்கா. ஒரு வருடமாக மிளகாய்த் தூள் டப்பாவுக்கு முன்னால் அலைந்த கை, அதன் வீட்டுக்கு வந்துவிட்டது. "இதயத்துடிப்பு நல்லா வந்திருச்சு. குழந்தை அழுதிருச்சு. முடிஞ்சது" என்றார் பயிற்றுநர். எல்லோரும் கை தட்ட ஆரம்பித்தார்கள். அப்போது நான் பொம்மையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கழுத்தைத் தாங்கிப் பிடித்து, முதுகைத் தட்டி, இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டு, "ஒன்னுமில்ல சாமி, ஒன்னுமில்ல, அவ்வளவுதான், அம்மா இங்கதான இருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மேசையில் ஒலிவாங்கி இருந்திருக்கிறது. மண்டபம் முழுக்கக் கேட்டது, சமையல்கட்டு வரைக்கும்.

சிரித்தார்கள் அக்கா. கேலிச் சிரிப்பு இல்லை, அதுதான் இன்னும் கஷ்டம். ஆத்தூர் தேவிப்ரியா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நான் நிறுத்தியிருக்க வேண்டும், ஆனால் அதே நேரம் வெளியே இனியா நிஜமாகவே அழுதாள், எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறேன், தோளில் பொம்மை. உங்கள் மாப்பிள்ளை இனியாவை நீட்டினார், நான் பொம்மையை நீட்டினேன். "இது யாரூட்டுது?" என்றார். பின்னால் ராஜம்மாள் மேடம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, நீ போர்வெல்ஸ் தானே?"

"நர்ஸுங்க மேடம்."

ஒரு வார்த்தைதான் வந்தது. இரண்டாவதைச் சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. இனியா ஒரு பக்கம் அழ, நான் ஒரு பக்கம் அழ, இவர் பயந்துபோய் எங்களை வண்டியில் ஏற்றிக் கிளப்பிவிட்டார். சான்றிதழ் வாங்கவில்லை, சாயங்கால டீ குடிக்கவில்லை. நாமக்கல் தாண்டிய பிறகு டயப்பர் எடுக்க வண்டியை நிறுத்திப் பின்னால் போனவர், "இலக்கியா, இதும் வந்திருச்சு" என்றார். பின்னால் பிட்டுகளுக்கு நடுவில், டயப்பர் பையில் தலை வைத்து, பயிற்சிப் பொம்மை படுத்திருந்தது. கிளம்பிய அவசரத்தில் அவரேதான் தன்னை அறியாமல் படுக்க வைத்து, கழுத்துக்குக் கீழே துண்டு மடித்துக் கொடுத்திருந்தார், குலுங்கக் கூடாதாம்.

மறுநாள் சேலத்துக்குப் போகிற வெற்றிலைக் கூடைகளோடு அதையும் பஸ்ஸில் அனுப்பினோம். கண்டக்டர், "இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டாங்க?" என்று கேட்டு, வேலூர் பஸ் ஸ்டாண்டே சிரித்தது. இதற்குள் யாரோ எடுத்த காணொளி சேலம், நாமக்கல் நர்ஸுகள் எல்லோருடைய வாட்ஸப்பிலும் போய்விட்டது. எனக்கு 'பொம்மை சிஸ்டர்' என்று பெயர். பட்டையில் இருந்த எண்ணைப் பார்த்து இரண்டு ஜில்லாவில் இருந்தும் செய்தி அனுப்புகிறார்கள். பாதிப் பேர் போர் போட, பாதிப் பேர் பொம்மை நலமா என்று கேட்க.

இரண்டாம் கேள்வி, என்ன தோன்றியது. இதற்கு ஒரு பக்கம் போதாது, ஒரு வரி போதும். பொம்மையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு, இனியாவை இடுப்பில் வைத்திருந்தும், கையில் ஏதோ குறைந்தது போல இருந்தது.

மூன்றாம் கேள்வி, அடுத்த முறை எதை வேறு மாதிரி செய்வாய். அடுத்த முறை கிடையாது அக்கா. அதைத்தான் சொல்ல இத்தனை பக்கம். வீட்டில் இருந்தால் மனம் வார்டுக்கு ஓடுகிறது, வார்டு மாதிரி ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் வீட்டுக்கு ஓடுகிறது. இப்படிப்பட்டவளை நம்பி யார் குழந்தைகளைக் கொடுப்பார்கள்? இனியா பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் நான் எங்கும் போகப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அந்த இடம் இந்நேரம் வேறு யாருக்காவது போயிருக்கும், அவள் நன்றாக இருக்கட்டும். இனிமேல் எனக்கு எந்தப் பயிற்சி இணைப்பும் அனுப்பாதீர்கள். அனுப்பினால் திறந்து பார்ப்பேன், பார்த்தால் மூன்று நாள் சோறு இறங்காது. உங்கள் வார்டில் ஒரு குழந்தைக்கு எடை ஏறினால் மட்டும் சொல்லுங்கள். அது போதும்.

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் போனில் என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் மாப்பிள்ளை உங்களுக்கும், அங்கே தண்ணீர்ப் பஞ்சம் உள்ளவர் யாராவது இருந்தால் அவர்களுக்கும், தம் அன்பைச் சொல்கிறார். மாமியார் உங்களுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் அமைய வேண்டும் என்று கொடிக்காலை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு வெற்றிலைக் கூடைக்கும் ஒரு முறை வேண்டிக்கொள்கிறார். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகவும். இனியா இந்தக் கடிதத்துக்குப் பல் இல்லாத வாயால் ஒரு கடி கொடுத்திருக்கிறாள், அதை முத்தமாக வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
இலக்கியா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது போன் வந்தது. உங்கள் மாப்பிள்ளைதான் எடுத்தார். "அயோத்தியாப்பட்டணம் மேடமுங்களா? நாளைக்கே வாரேனுங்க" என்றவர், திடீரென்று எழுந்து நின்று போனை என்னிடம் நீட்டினார். நான், "மேடம், அன்னைக்கு என்னாச்சுன்னா" என்று ஆரம்பித்தேன். "எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். வேலை தேடித்தான் வந்தேன்னு டீ குடிக்கறப்ப யார்கிட்டயோ சொன்னயாமே. ஆள் இல்லாம நான் தவிச்சுக்கிட்டிருக்கேன், நீ கதை சொல்லிக்கிட்டு நிக்காத. ஒண்ணாந்தேதி வந்து சேரு, பகல் டூட்டி. போர் வேலை தனி, அதுல இத முடிச்சுப் போடாத" என்று வைத்துவிட்டார். நான் முடியாது என்றுதான் சொல்லப் போனேன் அக்கா. வாயில் வந்தது, "சரிங்க மேடம்." ஆகையால் மேலே மூன்றாம் கேள்விக்கு எழுதிய பதிலை அடித்துவிட்டு வாசிக்கவும், இணைப்புகளைத் தொடர்ந்து அனுப்பவும். மாமியாரிடம் சொன்னேன். "அதுக்கென்ன, கொடிக்கால்ல சேலையில தூரி கட்டித் தூங்கப் போட்டுக்கறேன், நீ போ" என்றார். நேற்று ஒத்திகை பார்த்தோம். இனியாவை அவரிடம் விட்டுவிட்டு, பஸ் ஏறி, நாமக்கல் மருத்துவமனை வாசலில் இறங்கி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். ஓடி வந்து, "அழுதாளாங்க அத்த?" என்றேன். "அவ எதுக்கு அழுவறா? உன்னையத் தேடவே இல்ல போ" என்றார். நல்ல செய்திதானே? குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, பெட்டியில் இருந்து சீருடையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இடுப்பில் இரண்டு விரல் பிரித்துவிட வேண்டியிருக்கிறது.